கணக்கு டீச்சர் வீட்டு ஆரஞ்சுச் சுவர்

நான் சித்திர ஆசிரியை. பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பாதையில், ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அங்கே கணக்குப் படிப்பித்த டீச்சரும் நானும் பதினோரு வருஷம் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவரை நான் டீச்சர் என்பேன், அவரும் என்னை டீச்சர் என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எங்களுக்குள் வரவே இல்லை. ஆனாலும் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கேட்காமல் திறக்கிற உரிமை அவருக்கு இருந்தது. என் அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தபோது, எனக்கு லீவு முடிந்துபோன நாட்களில் அவர் தன் லீவைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினார். அம்மா இறந்த பிறகு, கல்யாணம் ஆகாத என்னைத் தனியாக விடக்கூடாது என்று ஒரு மாதம் தன் வீட்டில் வைத்திருந்தார்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்ட பலரும், "அப்படிப்பட்ட மனுஷியோட எப்படிப் பழகுனீங்க?" என்று கேட்கிறார்கள். அவர் அப்படிப்பட்ட மனுஷியாக இருக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்காமல் இருக்கிறது.

அவருடைய வீடு பெரிய பாதைக்கு மேலே, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் இருந்தது. ஒரு ஹோல், மூன்று அறைகள், பின்னால் குசினி. முன் ஜன்னலைத் திறந்தால் எதிர்மலையின் தேயிலை தெரியும். வீட்டுக்குப் பின்னால் மண் மேடு. அந்த மேடு வெயிலை மறைத்துவிடுவதால் இரண்டு மணிக்கே ஹோல் இருட்டிப்போகும். மார்கழியில் பகலிலேயே லைட் போட்டுக்கொண்டுதான் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவோம்.

ஒரு ஏப்ரல் விடுமுறைக்கு முந்தின வாரம், ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் போனை என் பக்கம் நீட்டினார்.

"டீச்சர், லீவுல ஒரு வேல இருக்கு. மாட்டேன்னு சொல்லக்கூடாது."

போனில் யாரோ வெளிநாட்டுக்காரர்களின் வீடுகள். ஹோல் சுவர் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய அரைவட்டங்கள், இலைகள், முன்னால் வெள்ளைச் சோபாச் செட்டி, பக்கத்தில் ஒரு பூச்சட்டி. பார்த்தாலே அறைக்குள் அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது.

"எங்க ஹோல்ல இருட்டு போகவே மாட்டேங்குது. இந்த மாதிரி ஒண்ணு வரைஞ்சு தாங்க. வேற ஆளக் கூப்பிட்டா எனக்குப் பிடிக்காது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடசாலைச் சுவர்களில் நான் வரைந்திருக்கிறேன். உடலின் உறுப்புகள், போக்குவரத்துச் சமிக்ஞை, கை கழுவும் முறை. ஒரு வீட்டுக்குள், மனிதர்கள் உட்கார்ந்து பேசுகிற இடத்தில், அழகுக்காக மட்டும் ஒரு சுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. அன்றைக்கே கொப்பியில் வரையத் தொடங்கினேன். அரைவட்டங்களை வைத்துக்கொண்டேன். இலைகளை எடுத்துவிட்டு, எங்கள் பக்கத்து முள்முருங்கையைப் போட்டேன். இலை எல்லாம் கொட்டிவிட்டு, கிளை மட்டும் நின்று ஆரஞ்சும் சிவப்புமாய்ப் பூத்திருக்கும் மரம். பெரிய வட்டம் ஒன்று பின்னால், அதன் முன்னால் இந்த மரம்.

டீச்சர் கொப்பியைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு மாற்றம் சொன்னார்.

"அடிமரம் நேரா நிக்க வேணாம். கீழ இந்த ஜன்னல் மூலையிலருந்து மேல அந்தக் கூரை மூலைக்குச் சாய்ஞ்சு போகட்டும். நல்லா தடிப்பா. அப்பதான் சுவர் நெறஞ்சு தெரியும்."

சொன்னது சரியாகத்தான் பட்டது. நேராக நிற்கும் மரத்தைவிடச் சாய்ந்த மரத்துக்கு உயிர் அதிகம். கணக்கு டீச்சருக்கு இப்படி ஒரு கண் இருக்கிறதா என்று நான் மனதுக்குள் மெச்சினேன்.

விடுமுறையின் முதல் நாள் போனபோது சுவர் தயாராக இருந்தது. எதையும் வரைவதற்கு முன்னால் வெறும் சுவரை ஒரு படம் எடுத்து வைப்பது என் பழக்கம். போனில் எடுத்தேன். பழைய மஞ்சள் பெயின்ட்டின் குறுக்கே, ஒரு கையகலத்துக்கு, புதிதாகப் பூசிய ஃபில்லர் வெள்ளைப் பட்டையாய்ச் சாய்ந்து ஓடியது. பள்ளம், ஓட்டை அடைக்கப் பூசுகிற பசைதான். காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தடவினால் கை வழுக்கியது.

"இது என்ன டீச்சர்?"

"வயர் மாத்துனோம். சுவர வெட்டி வயர் இழுத்தாங்க. மேசன் பாஸ் நேத்துத்தான் பூசிட்டுப் போனாரு."

அவ்வளவுதான். நான் தலையாட்டினேன்.

ஒன்பது நாள் அந்தச் சுவரோடு இருந்தேன். கடையில் மெஷினில் கலந்து தருகிற ஆரஞ்சு எனக்குப் பிடிக்கவில்லை. பிளாஸ்டிக் வாளியின் நிறம் அது. மஞ்சளையும் செங்காவியையும் வெள்ளையையும் வாங்கி நானே கலந்தேன். வட்டத்துக்குப் பழுத்த பப்பாளியின் நிறம். அரைவட்டங்களுக்குச் சுட்ட ஓட்டின் நிறம். ஓரங்களுக்குப் பால் அதிகம் விட்ட தேத்தண்ணியின் நிறம். ஈரமாக இருக்கும்போது ஒன்றாகவும் காய்ந்தால் வேறாகவும் தெரியும் என்பதால், ஒவ்வொன்றையும் அட்டையில் பூசி, வெயிலில் காயவைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இருட்டு அறைக்கு ஆரஞ்சு போடும்போது சிவப்பு கொஞ்சம் கூடினாலும் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அறை சின்னதாகிவிடும். மஞ்சள் கூடினால் எங்கள் குளிர் ஊரில் சுவருக்குச் சோகை பிடித்த மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

கொப்பியில் இருந்ததைச் சுவருக்குப் பெரிதாக்க, கட்டம் போட்டது டீச்சர்தான். நூலில் நீலப்பொடி தடவி, ஒரு முனையை நானும் மறு முனையை அவருமாகப் பிடித்துச் சுண்டினோம். அளவெல்லாம் அவர் வாயாலேயே கணக்குப் போட்டார். அடிமரத்தின் கோட்டை மட்டும் நான் சாக்குக் கட்டியை எடுப்பதற்கு முன்னால் அவரே ஏணியில் ஏறிப் போட்டுவிட்டு இறங்கினார். "சரியா இருக்கா பாருங்க" என்றார். சரியாக இருந்தது. மத்தியானம் கத்தரிக்காய்ப் பிரட்டலும் சோறும் ஹோல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருடைய தலைமயிரில் பப்பாளி நிறம் ஒட்டியிருந்ததைச் சொல்லிச் சிரித்தோம்.

முடிந்த அன்று அவர் புதுத் திரைச்சீலை போட்டார், வெள்ளையில். செட்டியை இழுத்து நடுவில் வைத்தார். மூன்று மணி. வெளியே மப்பு. ஆனால் ஹோலுக்குள் ஏதோ பின்னேர வெயில் விழுந்த மாதிரி இருந்தது. டீச்சரின் கணவர் வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "வீடு மாதிரியே இல்லையே" என்றார். பார்க்க வந்த டீச்சர்மார் எல்லோரும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன். கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பிக்கு அனுப்பினேன்.

"இது நீ வரைஞ்சதா அக்கா? நெசமாவா?" என்று உடனே போனில் கோல் எடுத்துக் கேட்டான். "நம்ம வீட்டுக்கும் இப்படி ஒண்ணு போடணும். வீடு வரட்டும்."

வீடு வரட்டும் என்பது அவன் பத்து வருஷமாகச் சொல்கிற சொல். நாங்கள் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்தவர்கள். தம்பியின் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள். தோட்டத்துக்குச் சொந்தமில்லாத, தன் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிய ஒரு வீடு. அதற்காகத்தான் அவன் அந்த வெயிலில் கிடந்தான்.

அடுத்த வருஷம் தை மாதம், டீச்சர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். கணவருக்குப் பண்டாரவளைக்கு மாற்றம், தனக்கும் அந்தப் பக்கம் மாற்றம் கிடைத்துவிட்டது என்றார். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு தம்பியின் ஞாபகம் வந்தது.

"டீச்சர், வெளியாளுக்குக் குடுக்காதீங்க. என் தம்பிக்குக் குடுங்க" என்றேன்.

கேட்டது நான்தான். அதை நான் மறைக்க மாட்டேன். "அவர்கிட்டப் பேசிட்டுச் சொல்றேன்" என்றார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சாப்பிடும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. விலையைப் பற்றி யோசிக்கிறாராக்கும், சினேகத்தில் கேட்டு அவரைச் சங்கடப்படுத்திவிட்டேனோ என்று நான்தான் கூச்சப்பட்டேன். மூன்றாம் நாள் காலையில் வந்ததும் என் கையைப் பிடித்து, "தம்பியை வரச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

இனிப் போகமாட்டேன் என்று தம்பி கட்டாரிலிருந்து வந்து வீட்டைப் பார்த்தான். அவன் மனைவி அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, பின்னறைக் கதவை இரண்டு தரம் சாத்தித் திறந்தாள். கதவு நிலையில் உரசியது.

"இது சாத்த மாட்டேங்குதே அண்ணி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மழைக்கு மரம் ஊதிருச்சும்மா. இழைச்சா சரியாப் போயிரும்" என்று டீச்சர் பின்னாலிருந்து சொன்னார்.

தம்பி இதையெல்லாம் கேட்கவில்லை. அவன் ஹோலில் ஆரஞ்சுச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தான். "எங்க அக்கா வரைஞ்ச சுவர்" என்று தன் மூத்த மகளிடம் சொன்னான். வேறு வீடுகள் இரண்டு பார்ப்பதாக இருந்தது. அவன் போகவே இல்லை.

ஆனியில் குடி வந்தார்கள். பால் பொங்கிய அன்று நான், டீச்சர் விட்டுவிட்டுப் போன அந்தச் செட்டியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாமல் ஒன்பது நாளோ பத்து நாளோ பெய்தது. பசறைப் பாதையில் இரண்டு இடத்தில் மண் விழுந்து பஸ் ஓடவில்லை, பாடசாலை மூடியிருந்தது. பதுளையில் என் வாடகை வீட்டில் இருந்தபோது தம்பி கோல் எடுத்தான்.

"அக்கா, உன் பெயின்ட் வெடிக்குது. மரத்துல கோடு விழுந்திருக்கு."

நான் அவமானப்பட்டேன். வரைந்தவளுக்கு முதலில் அதுதான் வரும். ஃபில்லர் சரியாகக் காயாமல் மேலே பூசிவிட்டேன், ஈரம் உள்ளே நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பாதை திறந்ததும் முதல் பஸ்ஸில், சுரண்டும் தகட்டையும் தூரிகையையும் மீதமிருந்த ஆரஞ்சு டின்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கோடு அடிமரத்தின் நடுவே, கீழிருந்து மேல்வரை போயிருந்தது. விரல் நகம் நுழையும் அளவு. நான் ஏணியைப் போட்டு, தளர்ந்த பெயின்ட்டைச் சுரண்டினேன். ஃபில்லர் தட்டுத் தட்டாகக் கழன்றது. உள்ளே வயரும் இல்லை, வயர்க் குழாயும் இல்லை. பழைய ஃபில்லர் இருந்தது. அதற்குக் கீழே சீமெந்து. அதற்குக் கீழே இன்னும் பழைய சீமெந்து. என் தகடு ஏதோ ஒன்றில் பட்டுக் கிறீச்சிட்டது. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. இரண்டு பக்கமும் சீமெந்து வைத்து, வெடிப்பின் குறுக்கே ஒட்டியிருந்தார்கள். நடுவில் உடைந்திருந்தது. பக்கத்துச் சீமெந்தில் ஆணியால் கீறி ஒரு திகதி. நான் படம் வரைவதற்கு முந்தின வருஷத்துத் திகதி.

எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. தம்பிக்கும் தெரியவில்லை. கீழ்வீட்டில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற சிங்களப் பெரியவர் ஒருவர் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். தம்பி அவரைக் கூட்டிவந்தான். அவர் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, அண்ணாந்து பார்த்தார்.

"அது ஆபீஸ் ஆக்கள் ஒட்டினது மிஸ். மண்சரிவு பாக்கிற ஆக்கள். கண்ணாடி ஒடைஞ்சா வீடு அசையுதுன்னு அர்த்தம். ரெண்டு தரம் வந்தாங்க. டீச்சர் மிஸ்ஸுக்குக் கடதாசியும் குடுத்தாங்க, இங்க இருக்க வேணாம்னு."

நான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல அங்கிள்?" என்று தம்பியின் மனைவி கேட்டாள்.

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மிஸ்தானே படம் வரைஞ்சது. மிஸ்ஸோட தம்பிதானே வாங்கினது. மிஸ்ஸுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். கூரையில் மழை மட்டும் கேட்டது. தம்பி செட்டியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். அவன் அப்படி என்னைப் பார்த்ததே இல்லை.

"ஒன்பது நாள் இந்தச் சுவரத் தடவிக்கிட்டு இருந்தியே அக்கா. ஒனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"வயர் இழுத்ததுன்னு சொன்னாங்கடா."

"யாராவது வயரச் சாய்வா இழுப்பாங்களா?"

வயர் நேராக மேலே போகும், இல்லாவிட்டால் படுக்கையாகப் போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சாய்ந்து போவது எது என்று கண் உள்ள எவளும் கேட்டிருப்பாள். நான் அதன்மேல் ஒரு மரத்தை வரைந்தேன். அவர் போட்ட கோட்டின் மேல்.

அன்று பின்னேரமே சாமான்களைக் கட்டினோம். மறுநாள் கிராம சேவகர் வந்தார். இரண்டு நாள் கழித்து அதிகாரிகள் வந்து பின்மேட்டில் ஏறிப் பார்த்தார்கள். மேட்டின் உச்சியில், புல்லுக்குள், வீட்டின் நீளத்துக்கு மண் பிளந்திருந்தது. அங்கே இருக்கக்கூடாது என்று கையெழுத்திட்ட கடதாசி ஒன்றைத் தம்பியிடம் தந்தார்கள். அவன் குடும்பம் முதலில் என் வீட்டுக்கு வந்தது. பிறகு ஹாலிஎலயில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. தம்பி கூரைத் தகடுகளையும் கதவு நிலைகளையும் கழற்றிக்கொண்டு வந்தான். நான் உதவிக்கு வருகிறேன் என்றேன். "வேணாம்" என்றான்.

நான் பண்டாரவளைக்குப் போனேன். போன் எடுக்காமல் போனேன். எடுத்தால் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்று பயம். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர்" என்றார். குரல் எப்போதும் போலவே இருந்தது. வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

புது வீடு சமதரையில் இருந்தது. சுவர்கள் எல்லாம் வெள்ளை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், எனக்குச் சீனி எவ்வளவு என்று கேட்காமலே.

"கண்ணாடியப் பாத்தேன் டீச்சர்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. "படம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது. என் தம்பியின் பிள்ளைகள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அல்லது அதைக் கேட்கப் பயந்து இதைக் கேட்டாரோ, தெரியாது.

"ஏன் டீச்சர் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க வரைஞ்சிருப்பீங்களா?"

"நான் வரையாட்டி?"

"வீட்ட யாரு வாங்குவா? எங்க ஆயுசுச் சம்பாத்தியம் அது. கடதாசி குடுத்தாங்களே தவிர, போறதுக்கு எடம் யாரும் குடுக்கல. நாங்களும் அந்த வெடிப்புக்குக் கீழ பிள்ளைகளோட ரெண்டு மழைக்காலம் படுத்தோம் டீச்சர். ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சேன்."

"அப்ப யாரோ ஒருத்தருக்கு வித்திருக்கலாமே. என் தம்பிக்கா?"

"நான் வெளியாளுக்குத்தான் விக்க நெனச்சேன். நீங்கதான் கேட்டீங்க. நீங்க கேட்ட பொறகு ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா?"

"மூணாம் நாள்?"

அவர் தரையைப் பார்த்தார். "வேணாம்னா ஏன்னு கேப்பீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் சரின்னு சொன்னேன்."

இன்னொரு பொய்யைச் சொல்லக் கூச்சப்பட்டு, என் தம்பியின் பத்து வருஷத்தை வாங்கிக்கொண்டார். அவர் அழுதார். என் கையைப் பிடிக்க வந்தார். அந்தக் கை என் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிய கை. நான் எழுந்துவிட்டேன். தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. பஸ் நிலையம்வரை நடந்துதான் போனேன், மழையில். எனக்குக் கோபமாவது வந்திருக்கலாம். வரவில்லை. பதினோரு வருஷத்தில் அவர் எனக்குச் செய்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இதில் எது உண்மை என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒன்றைக்கூடப் பொய் என்று தள்ள முடியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தம்பி வக்கீலைப் பார்த்தான். வெறும் சுவரை எடுத்த படம் என் போனில் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அதைக் கொடுத்தால் ஃபில்லர் பூசி மறைத்தது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன் என்பதும் தெரியும். தம்பி படத்தைப் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்தான். வெள்ளைப் பட்டை சாய்ந்து போவது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"இத வச்சிக்கிட்டு இத்தன நாளா சும்மா இருந்தியா?"

"எடுத்ததே மறந்துபோச்சுடா."

அவன் போனைத் திருப்பித் தந்தான்.

வழக்குப் போடுமுன் ஒரு தரம் பேசிப் பார்ப்போம் என்று பதுளையில் வக்கீலின் அறைக்கு இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார்கள். டீச்சரும் கணவரும் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு வக்கீல். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. படத்தை மேசையில் வைத்தபோது, அவர் கணவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். டீச்சர் அவரைத் தடுத்துவிட்டுத் தானே பேசினார். வகுப்பில் கணக்கு விளங்கப்படுத்துகிற அதே குரல்.

"சுவரப் பாத்துட்டுத்தான் டீச்சர் படம் வரைஞ்சாங்க. வெடிப்புன்னு அவங்களுக்குத் தெரியும். மறைக்கிற மாதிரி வரையலாம்னு அவங்கதான் சொன்னாங்க. தம்பிக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோம்."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடி உடைந்ததைப் பார்த்த அன்றுகூட, அவர் பயத்தில் செய்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலை எனக்குள் இருந்தது. பண்டாரவளையில் அவர் அழுதபோதும் இருந்தது. அந்த அறையில்தான் அது போனது.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். என்ன தேடினானோ தெரியாது. பிறகு அவர்கள் பக்கம் திரும்பினான்.

"எங்க அக்காவுக்குத் தெரியாது" என்றான். "அது அப்படித்தான். நம்பிருச்சுன்னா கேள்வி கேக்காது. ஒங்களையும் அப்படித்தான் நம்புச்சு."

பேச்சு அன்று முடியவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. திகதி போடுவதும் தள்ளுவதுமாக இருக்கிறது. பாடசாலையில் சில டீச்சர்மார் இப்போதும் பண்டாரவளைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என் முன்னால் பேச்சை மாற்றுகிறார்கள். எதிரே இருந்த நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பெண் உட்காருகிறாள். நல்ல பெண். தன் சாப்பாட்டை என் பக்கம் நீட்டுவாள். நான் எடுத்துக்கொள்கிறேன், நன்றி சொல்கிறேன், என் பெட்டியை மூடியே வைத்திருக்கிறேன்.

அந்த மேடு இன்னும் விழவில்லை. பஸ்ஸில் தினம் இரண்டு தரம் அதைத் தாண்டிப் போகிறேன். கூரையில்லாத வீட்டுக்குள் ஆரஞ்சு நிறம் கீழே பாதையிலிருந்தே தெரிகிறது. மழையில் நனைந்தும் மங்கவில்லை. ஆரம்பத்தில் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இப்போது கிடைத்த இடத்தில் உட்காருகிறேன்.

தம்பிக்குத் திரும்பவும் கட்டார் விசா வந்தது. இனிப் போகமாட்டேன் என்று வந்தவன். போகிற அன்று காலை பதுளை பஸ் நிலையத்துக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவன் மனைவியும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சின்னவள் அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொழும்பு பஸ் வந்தது. அவன் பையை மேலே ஏற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"பிள்ளைகளப் பாத்துக்க அக்கா."

"பாத்துக்கிறேன்டா. நீ ஒடம்பப் பாத்துக்க."

அவன் போகாமல் நின்றான். "அன்னைக்கு வக்கீல்கிட்ட ஒனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் நான் ஒன்ன நம்பல. அதச் சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். அவன் ஏறி, பின் சீட்டுக்கு முந்தின ஜன்னலில் உட்கார்ந்தான். பஸ் நகரும்வரை அவனும் நாங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு சின்னவளுக்குப் பசித்தது. பிள்ளைகளைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.